ட்ரவுட் குவிண்டெட்டில் டபுள் பேஸ் நன்றாகக் கேட்கும் பதிவு எது?

நண்பர்களே, ஒரு மாதமாக இசையமைப்பாளர் ஷூபர்ட் ஐந்து கருவிகளுக்கு எழுதிய ட்ரவுட் குவிண்டெட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1819இல் எழுதியபோது அவருக்கு 22 வயது! ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஊரில் செலோ வாசித்த பாம்கார்ட்னர் என்பவர் கேட்டு எழுதியதாம்.

இதில் வழக்கமான இரண்டாவது வயலின் கிடையாது. பியானோ, வயலின், வயோலா, செலோவோடு, மிகத் தாழ்ந்த ஸ்வரங்கள் தரும் பெரிய தந்திக் கருவியான டபுள் பேஸ். அடித்தளத்தை அது பார்த்துக்கொள்வதால் செலோ விடுதலையாகிப் பாடுகிறது. பியானோவின் இரண்டு கைகளும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டை மேலே வாசிக்கும் இடங்கள் தண்ணீர் மினுங்குவது போலவே இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், நான் கேட்கும் பதிவில் அந்த டபுள் பேஸ் வெறும் உறுமலாகத்தான் வருகிறது. ஹெட்போன் மாற்றியும் பார்த்தாயிற்று. அது தெளிவாகக் கேட்கும் பதிவு எது? ஷூபர்ட் காலத்துப் பழைய வகைப் பியானோவில் வாசித்தால் இந்தச் சமநிலை மாறுமா?

அப்புறம் இன்னொன்று. நான்காம் பகுதியில், ஷூபர்ட்டே முன்பு ட்ரவுட் மீனைப் பற்றி எழுதிய பாட்டின் மெட்டைத் தந்திக் கருவிகள் மட்டும் தொடங்குகின்றன. பாட்டில் வரும் அந்தத் துள்ளும் பியானோ கடைசியில்தான் வருகிறது. நடுவில் அந்த மெட்டு உருமாறி வரும் மாறுபாடுகளைப் பின்தொடர ஸ்வரக்குறிப்போடு ஓடும் காணொளி இருந்தால் சொல்லுங்கள். எனக்கு மூன்றாவதிலேயே வழி தவறிவிடுகிறது.