ஜார்ஜியாவில் 'தா' கேட்டுத் திகைத்தவர்கள் சொல்லுங்கள்

திபிலிசி மாணவி:
ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில், மருத்துவமனை வார்டில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வயதான பாட்டி ஒருவர் தன் உபாதைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலைவலி, கால் வீக்கம்... நடுவில் எங்கள் குழுவில் ஒருவன் "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டான். பாட்டி "தா..." என்று இழுத்து நிறுத்தினார். அவன் 'ஆம்' என்று எழுதிக்கொண்டான். ரஷ்ய மொழியில் அது ஆம். ஜார்ஜிய மொழியிலோ 'அப்புறம்', 'மற்றும்'. சோவியத் காலத்து மனுஷிக்கு இரண்டும் தெரியும். பதில் சொன்னாரா, பட்டியலைத் தொடர்ந்தாரா? நான் திரும்பக் கேட்பதற்குள் ஸ்கேனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கரிசல்காரன்:
'தா' என்றால் அக்கா தங்கையும்தான். நர்ஸை 'மெத்-தா' என்பது அதனால்தான். என்னை உலுக்கியது 'மாமா'. பூங்காவில் ஒரு குழந்தை விழுந்து "மாமா!" என்று வீறிட்டது. ரஷ்யர்களுக்கு அது அம்மா, நமக்குத் தாய்மாமன். ஓடி வந்ததோ தாடி வைத்த அப்பா! ஜார்ஜிய மொழியில் மாமா அப்பா, தேதா அம்மா. அவர் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மலைப்பாதை:
மாமாவை விடுங்கள், கேள்வி 'தா' பற்றி. ஜார்ஜியாவின் வடகிழக்கில் உள்ள பான்கிசிப் பள்ளத்தாக்கில், கிஸ்த் என்ற சிறுபான்மை மக்கள் வீட்டில் தங்கினேன். அவர்கள் பேச்சு, எல்லைக்கு அப்பால் செச்சென்யாவில் பேசும் செச்சென் மொழியின் ஒரு வகை. சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "தாத்தாவா?" என்று ரஷ்ய மொழியில் கேட்டேன். அந்தப் பெண் "தா" என்றாள். நான் தலையாட்டியதும் என் கையைப் பிடித்து, "இல்லை, பாபா", அதாவது அப்பா, என்று ரஷ்ய மொழியிலேயே திருத்தினாள். செச்சென் மொழியில் 'தா' அப்பா. பிறகு வெகுநேரம் அவள் பேசவில்லை.

வடகரை:
மலைப்பாதை சொல்வது பள்ளத்தாக்குக்குச் சரி, திபிலிசி வார்டுக்கு உதவாது. நான் சந்தையில் தக்காளி விலை கேட்டேன், "ஒத்ஸ்-தா-அத்தி" என்றார் கடைக்கார அம்மா. இருபதும் பத்தும், அதாவது 30. எண்ணுக்குள்ளேயே 'தா' இருக்கிறது! அங்கே இருபது இருபதாகத்தான் எண்ணுவார்கள்.

புதிதாகப் போகிறவர்கள் முதலில் 'கி', 'ஹோ', 'தியாஹ்' மூன்றையும் காதில் ஏற்றுங்கள், மூன்றும் ஆம்தான். கடைசியது மரியாதைக்கு. 'அரா' என்றால் இல்லை. 33 எழுத்தையும் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள், மருந்துச் சீட்டு வாசிக்க உதவும். ரஷ்ய மொழி போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், இளையவர்கள் பலருக்கு அது வராது. போலந்து போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அங்கே ஆம் என்பது 'தாக்'. 'தா' என்றால் 'கொடுப்பான்', கிட்டத்தட்ட நம் 'தா' போலவே.

மாணவி, நோயாளி 'தா' என்று நிறுத்தினால் எழுதாதீர்கள். "கி? அரா?" என்று இரண்டையும் சொல்லி, தலையசைக்கும்வரை காத்திருங்கள். உங்கள் நண்பனிடமும் சொல்லுங்கள்.