டீம் லீடர் காவடி லீவில், 22 டைம்ஷீட் பெண்டிங்கில்

எபேன்_கணக்கன்:

வணக்கம். மொரீஷியஸில், எபேனில் ஒரு சேவை நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். 60 பேர், பாதிக்கு மேல் ஷிஃப்ட். டைம்ஷீட் (வேலை நேரப் பதிவு) மென்பொருளைச் சென்னை அலுவலகம் வாங்கி, அங்கேயே எல்லாம் செட் செய்து, எங்களுக்கு லாகின் மட்டும் கொடுத்தது. ஆட்கள் வெள்ளிக்கிழமைக்குள் சப்மிட் செய்யவேண்டும், டீம் லீடர் அப்ரூவ் செய்யவேண்டும், அப்புறம் மேனேஜர், அதற்குப் பிறகுதான் என் திரைக்கு வரும். 20ஆம் தேதி நான் கணக்கை மூடியாகவேண்டும்.

2025 தைப்பூசக் காவடிக்கு என்ன ஆயிற்று என்றால், விரதம் இருந்து காவடி எடுக்கும் ஒரு டீம் லீடர் கொடியேற்றத்தன்று லீவில் போனவர், காவடி முடிந்ததும் அப்படியே குடும்பத்தோடு ரீயூனியன் தீவுக்குப் போய் 23ஆம் தேதி வரை திரும்பவில்லை. லீவில் இருக்கும் மனுஷனைக் குறை சொல்லமாட்டேன். மென்பொருள் தினமும் காலை 9 மணிக்கு அவருக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருந்தது, யார் பார்த்தது? 22 டைம்ஷீட் பெண்டிங். கடைசியில் பிரிண்ட் எடுத்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, எக்செலில் நானே அடித்துச் சம்பளம் போட்டேன். அவர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் அப்ரூவ் செய்துவிட்டார். மார்ச்சில் நாலு பேருக்கு ஓவர்டைம் இரண்டாம் முறை போய்விட்டது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பதைப்போல் கூச்சமான வேலை வேறில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. காவடிக்கு முந்தைய நாள், பிப்ரவரி 10 திங்கட்கிழமை மதியம் 2 முதல் இரவு 11 வரை வேலை செய்தவர்களுக்கு அரை மணி நேரம் மட்டும் காவடி விடுமுறைக் கணக்கில் இரட்டைக் கூலியாக வந்திருக்கிறது. திரையில் நேரம் சரியாகத்தான் தெரிகிறது, சம்பள அறிக்கையில்தான் உடைகிறது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ரோஸ்ஹில்_அக்கா:

தம்பி, நான் இங்கேயே பிறந்தவள், வீட்டில் கிரியோல் மொழிதான், தமிழ் மோகாவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருடமாக ஹெச்ஆர்.

நினைவூட்டலால் ஒன்றும் நடக்காது. லீவு அப்ளை செய்யும் திரையிலேயே "எனக்குப் பதில் யார்" என்ற கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள், அதை நிரப்பாமல் லீவு சப்மிட் ஆகவே கூடாது. எங்களிடம் இதைச் செய்த பிறகுதான் அழுகை நின்றது. அந்தப் பதில் ஆள் அதே ஷிஃப்டில் இருப்பவராக இருக்கவேண்டும். மேனேஜரைப் போட்டால் அவருக்கு யார் எப்போது வந்தார்கள் போனார்கள் என்று தெரியாது, எல்லாவற்றையும் செலக்ட் செய்து அப்ரூவ் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார். பதில் ஆளின் சொந்த டைம்ஷீட் மட்டும் வேறொருவரிடம் போகவேண்டும், இதை மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்து ஒரு மாதம் பட்டோம்.

இரண்டு முறை காசு போனதற்குக் காரணம் நீங்கள் மாதத்தைப் பூட்டாதது. பூட்டிவிட்டால் பிறகு வரும் அப்ரூவல் நேராகச் சம்பளத்துக்குப் போகாது, "திருத்தம்" என்று தனியாக நிற்கும், நீங்கள் பார்த்துத்தான் விடுவீர்கள். அந்த நாலு பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கி, இரண்டு மூன்று மாதமாகப் பிரித்துப் பிடியுங்கள்.

விடுமுறைக் காலண்டரையும் ஒருமுறை பாருங்கள். போன வருடத்தை அப்படியே காப்பி செய்பவர்கள் உண்டு. காவடி 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11.

சர்வர்_சாமி:

அரை மணி நேரக் கதைக்கு மட்டும் வருகிறேன். அறிக்கை எத்தனை மணிக்கு உடைகிறது, 10.30க்கா? அப்படியென்றால் அது இந்திய நள்ளிரவு. நீங்கள் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறீர்கள், அங்கே இரவு 10.30 ஆகும்போது சென்னையில் தேதி மாறிவிடும். திரை உங்கள் கம்ப்யூட்டரின் நேரத்தைக் காட்டுகிறது, சம்பள விதி கம்பெனி செட்டிங்கில் இருக்கும் நேரத்தை வைத்து நாளை வெட்டுகிறது. இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: 11ஆம் தேதி காவடியன்றே இரவு 11 வரை வேலை செய்தவருக்கு அரை மணி நேர இரட்டைக் கூலி குறைந்திருக்கும். அதிகமாக வந்தவர் வாய் திறக்கமாட்டார், குறைந்தவருக்குத் தெரிந்தே இருக்காது.

செட்டிங்கை மாதம் நடுவில் மாற்றாதீர்கள். பழைய ஷிஃப்டுகளையும் திரும்பக் கணக்குப் போட ஆரம்பிக்கும்.

டர்பன்_மாரி:

தென் ஆப்பிரிக்காவிலிருந்து. மேலே எல்லாரும் அப்ரூவலை எப்படி வேகமாக்குவது என்று பேசுகிறீர்கள், எனக்கு இரண்டு கட்ட அப்ரூவலே வீண் என்று படுகிறது. வேலை முடிந்த பிறகு ஓவர்டைமுக்கு அப்ரூவல் கேட்டால் மேனேஜர் என்ன, மறுக்கவா முடியும்? செய்த வேலைக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும். எங்களிடம் ஓவர்டைம் முன்கூட்டியே கேட்கவேண்டும், அந்த அனுமதியோடு பொருந்தும் மணி நேரம் தானாகவே பாஸ் ஆகிவிடும், பொருந்தாதது மட்டும்தான் ஆள் கண்ணுக்கு வரும். இங்கே 1997 தொழிலாளர் சட்டப்படி வாரம் 45 மணி நேரம், ஓவர்டைம் 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதனால் வியாழக்கிழமையே ஓவர்டைம் 8 மணி நேரத்தைத் தாண்டியவர் பெயர் சிவப்பாகிவிடும். நேரப் பதிவை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும், அந்த எக்செலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரோஸ்ஹில்_அக்கா:

மாரி அண்ணா, முன் அனுமதி நல்லதுதான், ஆனால் கால் சென்டரில் கடைசி அழைப்பு எப்போது முடியும் என்று யார் முன்கூட்டியே சொல்வது? பதினைந்து நிமிடம் வரை விட்டுக்கொடுக்கும் ஒரு எல்லை வையுங்கள், இல்லையென்றால் எல்லாமே பொருந்தாமல் வந்து நிற்கும்.

எபேன்_கணக்கன்:

சாமி சார், 10.30தான்! கம்பெனி செட்டிங்கில் "ஆசியா/கொல்கத்தா" என்று இருந்தது. மாற்றலாம் என்று ஆப்பிரிக்கா நேர மண்டலப் பட்டியல் முழுவதும் தேடினேன், மொரீஷியஸைக் காணோம், கடைசியில் பார்த்தால் "இந்தியன்" என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது, இந்தியப் பெருங்கடலாம். இன்னும் மாற்றவில்லை, அடுத்த மாதக் கணக்கு தொடங்கும் அன்று மாற்றுவேன்.

11ஆம் தேதி இரவு இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் அரை மணி குறைந்திருக்கிறது, இந்தச் சம்பளத்தில் சேர்த்துப் போடுகிறேன். அக்கா சொன்ன பதில் ஆள் கட்டத்துக்குச் சென்னை அலுவலகத்துக்குக் கோரிக்கை டிக்கெட் போட்டேன். அது அங்கே ஒருவரிடம் அப்ரூவலுக்குப் போயிருக்கிறது, அவர் லீவில் இருக்கிறாராம்.