25 ராத்திரி 19 பேர், இரண்டு அடுப்பு: நானும் உட்கார்ந்து சாப்பிட வழி உண்டா?

மூன்றாவது மகள்
டிசம்பர் 6, இரவு 10.40

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். கிறிஸ்துமஸ் விருந்து என்றால் எங்களுக்கு மதியச் சாப்பாடுதான். விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும், ஒரு மணிக்குப் பிரியாணி, சாயங்காலம் வீடு வீடாகப் பலகாரத் தட்டு. ராத்திரி யாருக்கும் பசிக்காது. மிச்சக் குழம்பைத் தொட்டு ஒரு தோசை தின்றுவிட்டுப் படுத்துவிடுவோம்.

இந்த வருஷம் அது மாறுகிறது. தங்கை வீட்டுக்காரருக்கு 25 மதியம் வரை மருத்துவமனையில் டூட்டி. அவர்கள் மதுரையிலிருந்து கிளம்பி வந்து சேர ஆறு மணி ஆகும். அவர்கள் இல்லாமல் பிரியாணி வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே பெரிய சாப்பாடு ராத்திரி எட்டு மணிக்கு. பெரியவர்கள் 14, பிள்ளைகள் 5.

சமையல் என் தலையில். அம்மாவுக்கு அக்டோபரில் முழங்கால் ஆபரேஷன் ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து உப்புப் பார்ப்பாள், அவ்வளவுதான். அரிசி எவ்வளவு என்று கேட்டால் "பிடி உடைந்த டம்ளரில் பத்து" என்கிறாள். அந்த டம்ளர் போன வருஷமே குப்பைக்குப் போய்விட்டது. போட்டது நான்தான். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இருப்பது இரண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ், ஒரு பத்து லிட்டர் குக்கர், மாவுச்சட்டி வைத்தாலே நிறைந்துவிடும் ஃப்ரிட்ஜ். மைனி (அண்ணன் மனைவி) சைவ வீட்டுப் பெண், கறி தொட மாட்டார்கள். பெரியம்மா தூத்துக்குடியில் கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டாள். இந்த 25 பார்த்து வெள்ளிக்கிழமையில் விழுந்திருக்கிறது!

நான் போட்டிருக்கும் பட்டியல்: மட்டன் பிரியாணி, சிக்கன் 65, மட்டன் சுக்கா, அவித்த முட்டை, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி, சைவக்காரர்களுக்குக் காளான் பிரியாணி, கடைசியில் கேசரி.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் பந்தியில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் கை கழுவிய பிறகு, சட்டியில் ஒட்டியதைச் சுரண்டி அடுக்களையில் நின்றபடியே தின்பாள். கேட்டால் "அடிச்சோறுதான் ருசி" என்பாள். எனக்கு அது வேண்டாம். அப்பா ஜெபம் பண்ணி முடிக்கும்போது எனக்கு முன்னாலும் ஒரு இலை இருக்க வேண்டும், அம்மாவுக்கும் இருக்க வேண்டும். எதை முன்கூட்டிச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்?


சோம்பேறிச் சமையல்காரன்
டிசம்பர் 6, இரவு 11.15

பிரியாணியை ஆர்டர் கொடுங்கள். பச்சடி மட்டும் வீட்டில். பிரச்சினை முடிந்தது.


மூன்றாவது மகள்
டிசம்பர் 7, காலை 6.05

போன வருஷம் அதைத்தான் செய்தோம். ஒரு மணிக்கு வர வேண்டிய அண்டா மூன்றேகாலுக்கு வந்தது. அதற்குள் பிள்ளைகள் முறுக்கு தின்று வயிற்றை நிரப்பிவிட்டார்கள். அப்பா அன்றைக்குப் பேசவே இல்லை. ஆர்டர் என்ற சொல்லே இந்த வீட்டில் இனி கிடையாது.


கோட்டாறு அக்கா
டிசம்பர் 7, பகல் 2.30

தங்கச்சி, முதலில் சிக்கன் 65ஐ அடித்துவிடு. பந்தி நேரத்தில் பொரிக்கிற வேலை எதுவுமே கூடாது. பொரிக்கிறவளால் உட்கார முடியாது. 22 வருஷமாக மாமியார் வீட்டில் நின்று தெரிந்துகொண்டது இது. சுக்கா இருக்கட்டும். அதை மதியமே செய்து வைத்துச் சாயங்காலம் சூடு காட்டினால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும்.

டம்ளரை மற, தராசை எடு. ஒரு கிலோ சீரகச் சம்பாவை எட்டுப் பேர் வயிறு முட்டச் சாப்பிடலாம், பத்துப் பேர் அளவாகச் சாப்பிடலாம். பிள்ளைகளையும் சேர்த்து உனக்கு இரண்டு கிலோ போதும். பிரியாணிக்குக் கறி இரண்டரைக் கிலோ, சுக்காவுக்குத் தனியாக ஒன்று. இரண்டு கிலோ அரிசியையும் ஒரே அண்டாவில் போடாதே. வீட்டு பர்னரின் தீ அண்டாவின் நடுவில் மட்டும் படும். நடு அடிபிடித்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் அரிசி அரிசியாகவே கிடக்கும். கிலோ கிலோவாக இரண்டு சட்டி, இரண்டு அடுப்பு. கனத்த சட்டி இல்லையென்றால் வாடகைப் பாத்திரக் கடையில் இப்போதே சொல்லி வை. 24ஆம் தேதி போனால் மூடிகூடக் கிடைக்காது.

கறிக்காரரிடமும் 20ஆம் தேதிக்குள் சொல்லிவிடு. 24 சாயங்காலமே வாங்கித் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், உப்புப் போட்டுப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வை. ஃப்ரிட்ஜ் சின்னது என்கிறாய். தண்ணீர் பாட்டிலையும் மாவையும் இரண்டு நாளைக்குப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பு. எங்கள் வீட்டு மாவு வருஷா வருஷம் எதிர் வீட்டில்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடும்.

25 காலை இட்லிக் கடை முடிந்ததும் வெங்காயம் வதக்கிக் கறியை மசாலாவோடு முக்கால் பதத்துக்கு மேல் வேகவைத்து இறக்கு. ஆறியதும் அகலமான இரண்டு பாத்திரத்தில் பிரித்து மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் தள்ளு. சோம்பல்பட்டு ராத்திரி வரை அடுப்பு மேலேயே விட்டுவிடாதே, பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாடு. ஆறரைக்கு எடுத்து நன்றாகக் கொதிக்க விடு, அரிசியை ஊறப் போடு. ஏழு மணிக்கு அரிசி உள்ளே.

தண்ணீர்க் கணக்கு ஒன்றுக்கு இரண்டு. ஆனால் கறி விட்ட சாறும் அந்த இரண்டுக்குள் அடக்கம். சாற்றை வடித்து, அரிசி அளந்த அதே பாத்திரத்தால் அளந்துவிட்டு, குறைகிறதற்கு மட்டும் வெந்நீர் ஊற்று. முதல் வருஷம் நான் இதை மறந்தேன். கொழுந்தனார் என் பிரியாணியை ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தண்ணீர் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் அடியில் பழைய தோசைக்கல், மேலே மூடி, மூடி மேல் வெந்நீர்ச் சட்டி, தீயைச் சிம்மில் வை. இருபது நிமிஷத்தில் அணைத்துவிட்டுத் திறக்காமல் விடு. அம்மா வாசம் பார்க்கத் திறக்கச் சொன்னாலும் திறக்காதே. அந்தக் கால் மணி நேரம் உனக்கு. போய்க் குளித்துச் சேலை மாற்று.

மைனிக்குக் காளான் பிரியாணி எதற்கு? மூன்றாவது சட்டிக்கு அடுப்பு எங்கே? உங்கள் ஊர்ச் சொதி இருக்கிறதே! பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. ஐந்து மணிக்கே செய்துவிடலாம். கடைசியில் தேங்காய்த் தலைப்பால் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, அப்புறம் எலுமிச்சை பிழி. கூட இஞ்சித் துவையல். நம் ஆட்கள் பிரியாணியை விட்டுவிட்டு அங்கே கை நீட்டப் போகிறார்கள், கூட்டியே செய்.

கேசரிக்குப் பதில் கேரமல் புட்டிங். ஒரு லிட்டர் பால், எட்டு முட்டை, கால் கிலோவுக்குக் குறைவாகச் சர்க்கரை. இரண்டு டப்பாவில் ஊற்றி 24 ராத்திரியே இட்லிச் சட்டியில் ஆவியில் வைத்து எடுத்துவிடு. (மைனி முட்டை சாப்பிடுவார்களா என்று கேட்டுக்கொள்.)

கடைசியாக ஒன்று. பரிமாறுகிறவள் நீயாக இருக்கக் கூடாது. தண்ணீர் ஜக் முதல் ஊறுகாய் வரை எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிடு. வாழை இலை போட்டால் தட்டுக் கழுவும் வேலையும் இல்லை. யாராவது "அந்த இது எங்கே?" என்று இழுத்தால் காது கேட்காத மாதிரி இரு.


தூத்துக்குடி அண்ணாச்சி
டிசம்பர் 8, இரவு 9.50

அக்கா சொன்னதற்கு மேல் பிரியாணியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பெரியம்மா விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், எங்கள் வீடும் கத்தோலிக்க வீடுதான். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது கறியை ஒதுக்குவது, கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கட்டாயம் இல்லை. பெருவிழா வெள்ளியில் வந்தால் அந்த ஒறுத்தல் பொருந்தாது என்று திருச்சபைச் சட்டம் 1251ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இதை எங்கள் அம்மாவிடம் ஒரு முறை எடுத்துச் சொன்னேன். "சட்டம் உனக்கு, வயிறு எனக்கு" என்றாள். ஆகவே சொதி இருக்கட்டும்.

பெரியம்மா எப்படியும் மக்ரூன் கொண்டு வருவார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் அதில். டிசம்பர் ஈரக்காற்றில் தட்டில் பரப்பி வைத்தால் நமத்துப்போகும். டப்பாவை மூடியே வைத்து, ஆள் வரும்போது எடுங்கள்.

அப்புறம், வீட்டு ஆண்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள்? உங்கள் அண்ணனுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாதா?


மூன்றாவது மகள்
டிசம்பர் 8, இரவு 10.20

அண்ணனிடம் உங்கள் பதிலைக் காட்டினேன். 24 சாயங்காலம் மூன்று கிலோ வெங்காயம் அவன் பொறுப்பு. அவனே ஒப்புக்கொண்டான், மைனி சாட்சி. அவர்களுக்குப் புட்டிங் கிடையாது, முட்டை ஆகாதாம். கடையில் ஐஸ்கிரீம் வாங்கிவிடுகிறேன்.

அக்கா, அடிக்க வேண்டியதை எல்லாம் அடித்துவிட்டேன். பட்டியலைக் கேட்ட அம்மா "65 இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸா" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்காக 26ஆம் தேதி மதியம் பொரித்துத் தருகிறேன் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.


மூன்றாவது மகள்
டிசம்பர் 27, மாலை 4.10

வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

தங்கை கார் கோவில்பட்டி தாண்டிப் பஞ்சர். ஏழே முக்காலுக்குத்தான் வந்தார்கள். பழைய மாதிரி என்றால் பதறிப்போயிருப்பேன். சட்டிகள் இரண்டும் மூடியபடி இருந்தன, நான் சேலை மாற்றி முடித்திருந்தேன். ஒரு சட்டியில் மட்டும் லேசாக அடிபிடித்தது, தோசைக்கல் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றுக்குச் சப்பாத்திக் கல்லை வைத்தேன், அது மெலிசு. அரிசி சாதம் உதிரி உதிரியாக வந்தது. கறி கால் கிலோ கூடவே வாங்கியிருக்கலாம்.

8.20க்கு ஜெபம். ஹாலில் இரண்டு வரிசை இலை. நான் தங்கை பக்கத்தில், அம்மா நாற்காலியில் ஸ்டூலைப் போட்டு அதன் மேல் இலை. முதல் பத்து நிமிஷம் அம்மாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. யாருக்கு என்ன வேண்டும் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பிறகு சுக்காவை எடுத்து வாயில் போட்டு, "உப்பு ஒரு கல் குறைவு" என்றாள். உப்புப் பார்த்ததே அவள்தான்.

சொதி முதலில் தீர்ந்தது, அக்கா சொன்ன மாதிரியே. மைனி இரண்டாவது தடவை கேட்டபோது துவையல்தான் மிச்சம். பாவமாகப் போய்விட்டது.

பெரியம்மா சட்டத்தை எல்லாம் கேட்டுக்கொண்டாள், சொதிச் சோறுதான் சாப்பிட்டாள். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனேன், அடுக்களையில் விளக்கு எரிந்தது. பெரியம்மா ஃப்ரிட்ஜிலிருந்து பிரியாணியை எடுத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைக் காட்டினாள். மணி 12.10. "சனிக்கிழமை வந்துட்டுல்லா" என்றாள்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். பந்தி முடியும் நேரம், அம்மா இலையை மடிக்கப் போனவள் நிமிர்ந்து, "அரிசியை எதில் அளந்தாய்? அந்தப் பிடி உடைந்த டம்ளரை ஒரு மாசமாகக் காணோமே" என்றாள். தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரியும்.

புட்டிங் எடுத்து வருகிறேன் என்று நான் எழுந்து போய்விட்டேன்.