‘டக்’ சத்தம் மட்டும் வந்த ஃப்ரிட்ஜ்: வீட்டிலேயே பார்ட் மாற்றியவர்களின் அனுபவங்கள்

ஒரு நாள் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். நாலைந்து நொடி கம்ப்ரசர் முனகியது, மறுபடி ‘டக்’, அப்புறம் அமைதி. மூன்று நிமிடம் கழித்துத் திரும்பவும் அதே முனகல், அதே ‘டக்’. காலையில் கதவைத் திறந்தால் ஃப்ரீசரில் இருந்த ஐஸ் பாதி தண்ணீராகிக் கிடக்கிறது, விளக்கு மட்டும் பளிச்சென்று எரிகிறது. மெக்கானிக் ஒருவர் வந்தார். கம்ப்ரசர் மேல் கையை வைத்துப் பார்த்தார், நல்ல சூடு. “கம்ப்ரசர் போயிடுச்சு, மாத்தி கேஸ் அடிக்கணும்” என்று இரண்டே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார். கம்ப்ரசரின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கே வெளியே வந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடக்க வேண்டும்) பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்னால் கீழே கறுப்பாகக் குடம் மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் கம்ப்ரசர். அதன் பக்கத்தில் ஒரு கம்பி கிளிப் பிடித்திருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் உள்ளே இரண்டே பொருள்: ரிலே, ஓவர்லோடு. எந்த ஒயர் எதில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு ரிலேவை நேராக இழுத்தேன், கழன்று வந்தது. காதருகே வைத்துக் குலுக்கினால் டப்பாவுக்குள் கூழாங்கல் போட்ட மாதிரி கலகலவென்று சத்தம். லேசான கருகல் வாசனையும் இருந்தது.

அந்த ரிலேவுக்குள் நாணயம் போல ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது கரண்ட்டைத் தாராளமாக விடும், மோட்டாரின் ஸ்டார்ட் காயிலுக்கு ஒரு உந்து கிடைக்கும். அடுத்த நொடியே வில்லை சூடேறித் தடை பல மடங்கு ஏறிவிடும், ஸ்டார்ட் காயில் கிட்டத்தட்டத் துண்டிக்கப்படும், ரன் காயிலை வைத்தே மோட்டார் ஓடும். வில்லை உடைந்தால் அந்த உந்து கிடையாது. மோட்டார் சுற்ற முடியாமல் முனகி அதிகக் கரண்ட்டை இழுக்கும், ஓவர்லோடுக்குள் இருக்கிற தகடு சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ராத்திரி நான் கேட்ட ‘டக்’ அதுதான்.

கம்ப்ரசர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் ரிலே வாங்குவது சரியில்லை. அதன் உடம்பில் மூன்று பின் இருக்கும்: காமன், ஸ்டார்ட், ரன். மல்டிமீட்டரில் காமனுக்கும் ரன்னுக்கும் 14 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 19, ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் 33 வந்தது. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது, அப்படி வந்தால் காயில் அறுபடவில்லை. இந்த எண்கள் பெட்டிக்குப் பெட்டி மாறும், கூட்டல் கணக்கு மாறாது. அதோடு ஒவ்வொரு பின்னுக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடம்புக்கும் நடுவே இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் காயில் பாடியில் தட்டுகிறது என்று பொருள், பிளக்கை மாட்டவே மாட்டாதீர்கள்.

பழைய ரிலேவைக் கையோடு எடுத்துப்போய் அதே எண் போட்டதை வாங்கினேன். ஓவர்லோடையும் சேர்த்தே மாற்றினேன், இத்தனை தடவை சூடேறி விழுந்ததை இனி நம்ப மனம் வரவில்லை. மாட்டி, மூடி, பிளக்கைச் சொருகியதும் ஒரு சின்ன அதிர்வு, அப்புறம் சீரான ‘ம்ம்ம்’. காலைக்குள் ஐஸ் கட்டிவிட்டது. வேலை மொத்தமும் இருபது நிமிடம்.

ஒரு எச்சரிக்கை. சில கம்ப்ரசரில் ரிலேவோடு கெப்பாசிட்டரும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கலாம், அதன் இரண்டு முனையையும் கையால் தொடாதீர்கள். உங்களுக்கு எந்த பார்ட் போனது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

———

அண்ணா, என்னுடையது டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. மேலே ஃப்ரீசர் நன்றாக இருந்தது, கீழே கொஞ்சமும் குளிர்ச்சி இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து போட்டேன், சரியானது. பத்தே நாளில் திரும்பவும் அதே தொல்லை. திறந்து வைத்தால் சரியாகிறது, சில நாளில் கெடுகிறது என்றால் கோளாறு பனியைத் தானாக உருக்குகிற டிஃப்ராஸ்டில்தான் என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன், அன்றைக்குத் தெரியாமல் தெர்மோஸ்டாட்டை அநியாயமாக மாற்றினேன்.

ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் உள்ளே குளிர்விக்கிற காயிலே தெரியவில்லை, ஒரே வெள்ளைப் பனிச்சுவர். அந்தக் காயில் வழியாகக் காற்றை இழுத்துத்தான் மின்விசிறி கீழே அனுப்புகிறது. காயில் பனியில் மூடினால் காற்றுக்கு வழி ஏது? இந்த வகைப் பெட்டியில் டைமர் சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரசரை நிறுத்தி, காயிலின் அடியில் இருக்கிற ஹீட்டரை இருபது முப்பது நிமிடம் எரியவிட்டுப் பனியை உருக்க வேண்டும். டைமர், பைமெட்டல் (குளிரில் இணைந்து சூட்டில் விலகுகிற சுவிட்ச்), ஃபியூஸ் (சூடு மீறினால் அறுந்துபோவது), ஹீட்டர் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன, ஒன்று போனாலும் பனி உருகாது.

முதலில் டைமரைப் பாருங்கள், அதற்கு மீட்டர்கூட வேண்டாம். அதில் திருப்புளி நுழைகிற ஒரு பள்ளம் இருக்கும். வலப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் ‘கிளிக்’ என்று விழும், கம்ப்ரசர் நிற்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் ஹீட்டர் நல்லபடி இருக்கிறது, டைமர்தான் தானாகச் சுற்றுவதில்லை. எனக்குச் சொட்டுச் சத்தம் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி மீட்டர் வைத்தேன், ஹீட்டரில் 350 ஓம் பக்கம் வந்தது. 230 வோல்ட்டில் 150 வாட் என்று கணக்குப் போட்டால் சரியாக அங்கேதான் வரும், ஆக ஹீட்டர் நலம். ஃபியூஸில் ஒன்றுமே காட்டவில்லை, அதுதான் போயிருந்தது.

பைமெட்டலைச் சோதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அறையில் கிடக்கும்போது அது இணைப்புக் காட்டாது, காட்டவும் கூடாது. நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் இணையும். இது தெரியாமல் நல்ல பைமெட்டலைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய பேர். வேறொரு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்த கையோடு மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஃபியூஸ் கிடைக்கவில்லை என்று ஒயரை நேராக முறுக்கிவிடச் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பைமெட்டல் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் போனால் கடைசியாகக் காப்பாற்றுவது அந்த ஃபியூஸ்தான். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கும். அதே டிகிரி எழுதிய ஃபியூஸ் கிடைக்கிற வரை நான் மூன்று நாள் காத்திருந்தேன்.

———

கதவு ரப்பர் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது, கதவோரம் வியர்த்தது. ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் பிடித்து நின்றது, கைப்பிடிப் பக்கத்தின் கீழ் மூலையில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே ரப்பர் கிழிந்திருந்தது, உள்ளே இருக்கிற காந்தப் பட்டை வெளியே தெரிந்தது.

என் பெட்டி பழையது. ரப்பரின் உதட்டைத் தூக்கினால் அடியில் வரிசையாகத் திருகுகள். இங்கேதான் கவனம் வேண்டும்: எல்லாத் திருகையும் முழுக்கக் கழற்றிவிடக் கூடாது. கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கையும் அதே திருகுகள்தான் பிடித்திருக்கின்றன, மொத்தமாகக் கழற்றினால் கதவே முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்த ரப்பர் போட்டாலும் ஒட்டாது. தளர்த்தினால் போதும், ரப்பர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். புதிய பெட்டிகளில் திருகே இல்லை, பள்ளத்தில் அழுத்திச் செருகியிருப்பார்கள், இழுத்தால் வந்துவிடும்.

புது ரப்பர் மடித்துக் கட்டித்தான் வரும், மடிப்பு விழுந்த இடமெல்லாம் நெளிந்து நிற்கும். மாட்டும் முன் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டேன், பாதி நெளிவு போனது. முதலில் நாலு மூலையையும் பொருத்திவிட்டு அப்புறம் நடுப்பகுதிக்கு வர வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே போனால் கடைசி மூலையில் ரப்பர் மிஞ்சும் அல்லது பற்றாது. இடைவெளி தெரிந்த இடத்தில் ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சூடாக்கி, கையால் நீவி, கதவை மூடி வைத்தேன். கீல் பக்கம் ரப்பர் உரசிச் சுருண்டது. அங்கே கொஞ்சம் வாசலைன் தடவியதும் நின்றது. முழுக்க ஒட்டுவதற்கு இரண்டு நாள் ஆனது, முதல் நாளே தாள் வழுக்கினால் பதற வேண்டாம்.

———

நான் சின்னதாக ஒன்று மட்டும் சொல்கிறேன். சிங்கிள் டோர் பெட்டி, ஃப்ரீசரில் ஐஸ் மலைபோல் ஏறியிருந்தது, அவசரத்தில் கத்தியால் பெயர்த்தேன். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃப்ரீசரின் சுவரே காயில், மெல்லிய அலுமினியம், அதில் ஊசி முனை அளவு ஓட்டை. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன், எந்த சுவிட்சையும் தொடவில்லை, ஏனென்றால் கம்ப்ரசரில் ஆர்600ஏ என்று எழுதியிருந்தது, அது எரிகிற வாயு. பெட்டியைத் திரும்ப மீட்க முடியவில்லை. இதைப் படிக்கிற ஒருவராவது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைத் திறந்து போட்டால் எனக்கு அது போதும்.

———

காய்கறித் தட்டுக்கு அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கிறது, இதற்கும் ரப்பர்தான் காரணமா? துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டேன்.

———

இல்லை அக்கா, அது பெரும்பாலும் வடிகால் அடைப்பு. உள்ளே பின்சுவரின் அடியில் ஒரு சின்ன ஓட்டை தெரியும். உருகுகிற தண்ணீர் அது வழியாக இறங்கி, வெளியே கம்ப்ரசருக்கு மேலே இருக்கிற தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஓட்டையில் பிசுக்கோ துணுக்கோ அடைத்தால் தண்ணீர் உள்ளேயே வழியும். ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அழுத்தி விடுங்கள். கூர்மையான கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும்.

———

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், இருபது வருடம் ஆகிறது. முதலில் எழுதிய தம்பி செய்தது சரி. ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: புது ரிலே போட்டும் முனகி முனகி நின்றால், வீட்டு வோல்டேஜ் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டது, அப்போதுதான் கம்ப்ரசர் பேச்சே எடுக்க வேண்டும். அதேபோல் ஓடி நின்ற கம்ப்ரசரை உடனே போடாதீர்கள், ஐந்து நிமிடம் விடுங்கள். உள்ளே இரண்டு பக்கத்து அழுத்தமும் மெல்லிய கேப்பிலரி குழாய் வழியாகச் சமமாக நேரம் வேண்டும், அதற்குள் போட்டால் பாரத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் ஓவர்லோடு விழும்.

‘கேஸ் போயிடுச்சு’ என்று எங்கள் ஆட்களில் சிலர் பார்த்த மாத்திரத்தில் சொல்வது எனக்கே வருத்தம். கேஸ் என்பது எரிந்து தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் அதுவும் போய்விடும். உண்மையிலேயே குறைந்திருந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், சூட்டை வெளியே விடுகிற வெளிக்காயில் வெதுவெதுப்பாகக்கூட இருக்காது, உள்காயிலில் தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் பனி பிடிக்கும், மீதி வெறுமையாக இருக்கும். காயில் முழுக்க ஒரே சீராகப் பனி இருந்தால் கேஸ் மேல் பழி போட வேண்டாம். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிகிறதா என்றும் பாருங்கள், கேஸ் கசிகிற இடத்தில் கூடவே எண்ணெயும் வரும்.

குழாய்க்கு வெளியே இருக்கிற எதையும் பொறுமையும் மீட்டரும் இருந்தால் நீங்களே மாற்றலாம். குழாயை மட்டும் அறுக்காதீர்கள். பழைய பெட்டிகளில் ஆர்12 என்கிற கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகப் போய் ஆர்134ஏ வந்தது, இப்போது பல பெட்டிகளில் ஆர்600ஏ. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்ற முடியாது, ஆர்12 கம்ப்ரசரின் எண்ணெயே ஆர்134ஏவுக்கு ஒத்துப்போகாது. ஆர்600ஏ சில பெட்டிகளில் 50 கிராம்கூட இருக்காது, அந்த அளவையே தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். அது இருக்கிற குழாயில் கேஸை முழுக்க வெளியேற்றாமல் நெருப்பைக் காட்டினால் ஆபத்து.

அப்புறம், பின்னால் கறுப்புக் கம்பிவலை இருக்கிற பெட்டியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். வலை இல்லாத பெட்டிகளில் காயில் பக்கச் சுவருக்குள் இருக்கிறது, பக்கம் சுடுவது கோளாறு இல்லை. சுவரை ஒட்டி நெருக்கி வைக்காதீர்கள்.

———

காய்கறித் தட்டுத் தண்ணீரைக் கேட்டவள் நான். இன்றைக்கு சிரிஞ்சில் நாலு தடவை விட்டேன், தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. ஐந்தாவது தடவை ஏதோ விலகின மாதிரி கை லேசானது, பின்னால் தட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.