பொருள்: 'சல்போசால்ட்' தமிழில் என்ன? (நாளை அச்சு)

கொக்குவில் ரீச்சர்:
வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்குக் கனிப்பொருள் அட்டைகள் எழுதுகிறேன். நாளை பின்னேரம் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். லெங்கன்பாகைற்று என்ற ஒன்றில் சிக்கிவிட்டேன். சுவிற்சர்லாந்தில் 'பின்' (Binn) என்ற பள்ளத்தாக்கில், வெள்ளைத் தொலமைற்றுப் பாறைக்குள் கிடைக்கும் மிக அரிய பொருள். ஈயம், வெள்ளி, செம்பு, ஆசனிக்கு, கந்தகம் சேர்ந்தது. ஈய நிறம், உலோக மினுக்கம், மெல்லிய தகடு. வளைத்தால் வளையும், விட்டால் நிமிராது. இது சேரும் வகுப்புத்தான் 'சல்போசால்ட்'.

மானிப்பாய் ஐயா:
கந்தக உப்பு. இதற்கு ஒரு மடலா?

கொக்குவில் ரீச்சர்:
பிள்ளைகள் சல்பேற்று என்று நினைப்பார்கள் ஐயா. சல்பேற்றில் ஒட்சிசன் உண்டு, இதில் இல்லை. வெறும் சல்பைட்டும் அல்ல: கலேனா என்ற கனிப்பொருளில் ஈயமும் கந்தகமும்தான்; இங்கே ஆசனிக்கு, அந்திமனி, பிசுமது ஏதாவதொன்று கூட இருக்க வேண்டும். ஒட்சிசனின் இடத்தில் கந்தகம் நிற்கும் அமிலத்தின் உப்பு என்று பழைய வேதியியலாளர்கள் எண்ணியதால் வந்த பெயர். ஆனால் நம் பிள்ளைகளுக்கு உப்பு என்றால் ஆனையிறவு. ஈயம்போல மினுங்கும் தகட்டை உப்பு என்றால் சிரிக்க மாட்டார்களா?

பருத்தித்துறைத் தம்பி:
'கந்துப்பு' எப்படி? இந்துப்பு, வெடியுப்பு வரிசையில் அழகாக நிற்கும்.

மானிப்பாய் ஐயா:
கந்து என்றால் யானை கட்டும் தறி, தம்பி. அல்லது கந்துவட்டி. அதோடு கந்தகமே வடசொல். கந்தம் என்றால் மணம்.

பருத்தித்துறைத் தம்பி:
'கந்தக உப்பு' என்று தொடங்கியது நீங்கள்தானே ஐயா! இந்துப்பில் சிந்து இருக்கிறது. அதற்காகக் கடையில் வாங்காமல் விட்டோமா?

பேர்ண் அண்ணை:
இடையில் ஒன்று. இங்கே சுவிசில் லெங்கன்பாஹ் என்பார்கள். 'பாஹ்' என்றால் ஓடை. 1904 இல், அது கிடைத்த லெங்கன்பாஹ் கற்சுரங்கத்தின் பெயரையே கனிப்பொருளுக்கு வைத்தார்கள். ஓடைக்கல் என்று தமிழாக்கப் புறப்பட்டுவிடாதீர்கள். ஐயா, உங்கள் ஊரில் இருந்த கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழில் தர எவ்வளவு பாடுபட்டவர்! அவரே 1875 இல் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றுதான் பெயர் போட்டார். 'சல்போவுப்பு' என்று எழுதுங்கள், ரீச்சர். உயர்தரத்தில் ஆங்கிலப் புத்தகம் புரட்டும்போது பிள்ளைக்கு உதவும்.

கொக்குவில் ரீச்சர்:
சரி, சல்போவுப்பு. கீழே ஒரு வரி: 'கறிக்குப் போடுவதல்ல, ஆசனிக்கு உள்ளது.'

மானிப்பாய் ஐயா:
'சல்போ' தமிழாம். போடுங்கள், போடுங்கள்.

பருத்தித்துறைத் தம்பி:
அட்டையின் பின்பக்கத்திலாவது கந்துப்பு, ரீச்சர்?