கதிர்காமம் நடந்த காலுக்கு சுவிஸ் மலை ஏலுமா?

களுவாஞ்சி_பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் களுவாஞ்சிக்குடி, வயசு 34. அண்ணன் பேர்ண்ல இரிக்கார், விசா சரிவந்தா ஜூலையில போய் மூண்டு கிழமை நிக்கப்போறன். சேர்னெட்ஸ் பக்கம் சுவிஸ் நெஷனல் பார்க்குக்கு கூட்டிப்போறனெண்டு சொல்றார், மலைக்குள்ள ஒரு ராவு தங்கி மறுகா அடுத்த நாள் மேல ஏறி மற்றப்பக்கத்தால இறங்குறதாம். நான் ஏறினது குடும்பிமலையும் சிவனொளிபாதமலையும்தான், ரெண்டு தரம் உகந்தையால கதிர்காமம் நடந்திரிக்கன். இது காணுமா? ராவுல எங்க படுக்கிற, சோறு கட்டிக்கொண்டு போகணுமா? டென்ட் ஒண்டு கொழும்புல வாங்கவா?

சூரிச்_அக்கரைப்பற்றான்:
தம்பி, டென்டுக்கு காசைக் கரைக்காத. அந்தப் பார்க்குக்குள்ள டென்ட் அடிக்க ஏலாது, பாதையை விட்டு விலக ஏலாது, பூப் பிடுங்க ஏலாது, நாயைக் கயிறு கட்டியும் கொண்டுபோக ஏலாது. 1914ல துவங்கினது, சுவிஸ்ல நெஷனல் பார்க் எண்டு இரிக்கிறதே இது ஒண்டுதான், மனிசன் கை வைக்காம விடுறதுதான் அவங்கட கொள்கை, மரம் விழுந்தாலும் விழுந்த இடத்துலயே கிடந்து உக்கும்.

அண்ணன் சொல்றது குளுவோட்சா ஹுட்டேயா இரிக்கணும். ஹுட்டே எண்டா மலையில நடக்கிற ஆக்களுக்கு கட்டின மடம் மாதிரி. 1882 மீற்றர்ல இரிக்கு, றோட்டே இல்ல, சேர்னெட்ஸ்ல இருந்து மூண்டு மணித்தியாலம் நடைதான். கோயில் மாதிரி சப்பாத்தை வாசல்ல கழட்டணும், கனபேர் ஒரே அறையில வரிசையாப் படுக்கிற, கம்பளி அங்க இரிக்கும், உள்ளுக்கு போடுற மெல்லிய துணி உறை நீதான் கொண்டுபோகணும். ராச்சாப்பாடும் காலைச்சாப்பாடும் அங்கயே எடுக்கலாம், மரக்கறி எண்டா புக் பண்ணக்குள்ளயே சொல்லு. புக் பண்ணாமப் போய் நிண்டிராத.

வாவிக்கரை_அக்கா:
நானும் இவரும் அந்தப் பாதையால போனம், ரெண்டாம் நாளைப் பத்தி சொல்றன். குளுவோட்சாவுல இருந்து முர்த்தேர் எண்ட இடத்துக்கு ஏறணும், 2545 மீற்றர், எங்கட பீதுருதலாகலையை விட 21 மீற்றர் கூட. ஏத்தம் மூச்சு வாங்கும் ஆனா நிண்டு நிண்டு போகலாம். என்னைக் கொண்டது இறக்கம்தான் தம்பி, 800 மீற்றர் அளவுல ஒரே இறக்கம், முழங்கால் ரெண்டும் கழண்டுவிழுற மாதிரி, அதோட நான் மலிவு சப்பாத்து போட்டுக்கொண்டு போய் பாதி வழியில அடி கழண்டுட்டு, இவர்ட பாக் கயித்தால கட்டிக்கொண்டுதான் வந்தன். கதிர்காமக் காடு தட்டை நிலம், அங்க வெயில்தான் எதிரி, இஞ்ச முழங்காலும் வானமும். ரெண்டு ஊண்டுகோல் கட்டாயம். பின்னேரத்துல இடி மின்னல் வாறது சகஜம், அதால விடிய வெள்ளென வெளிக்கிடு. ஜூலையிலயும் மேல பனி கொட்டலாம். கீழ இறங்கினா ஓஃபன்பாஸ் றோட்டு, அதுல சேர்னெட்ஸ் போற மஞ்சள் பஸ் வரும்.

கல்முனை_கழுகு:
இதெல்லாம் சின்னப்புள்ள நடை மச்சான். அவ்வளவு காசு குடுத்துப் போறாய், இத்தாலிப் பக்கம் கிரான் பரடீசோ ஏறு, 4061 மீற்றர், லேசாம்.

சூரிச்_அக்கரைப்பற்றான்:
ஆர்ரா லேசெண்டு சொன்ன? பனிப்பாறைக்கு மேலால போகணும், கயிறு, காலுக்கு இரும்பு முள்ளு, வழிகாட்டி எல்லாம் வேணும். களுவாஞ்சிக்குடிக் கடல்மட்டத்துல இருந்து வந்து இறங்கினவன் நேர அங்க போனா தலையிடியும் சத்தியும்தான் மிச்சம்.

ஆனா அந்த மலைக்கு ஒரு கதை இரிக்கு. ஐபெக்ஸ் எண்ட கொம்பன் காட்டாடு சுவிஸ்ல வேட்டையால முழுசா அழிஞ்சு போச்சு, இத்தாலி ராசாட வேட்டைக்காடா இருந்ததால அங்க மட்டும் தப்பிச்சு. அந்த இனத்தைத்தான் 1920ல நம்மட பார்க்குக்குள்ள கொண்டுவந்து விட்டிரிக்காங்க. முர்த்தேர்ல பைனாகுலர் ஒண்டு இருந்தா மான், ஆடெல்லாம் பார்க்கலாம். வழியில கல்லுல வெள்ளை சிவப்பு வெள்ளை கீறியிரிக்கும், அதைப் புடிச்சுப் போ. வெள்ளை நீலம் வெள்ளை கண்டா அது கஷ்டமான பாதை, உனக்கு வேணாம். அவசரத்துக்கு 1414, ஹெலி வரும், அந்தச் செலவையும் குடுக்கிற இன்சூரன்சா பார்த்து எடு, சாதாரண விசா இன்சூரன்ஸ் மலையேத்தத்துக்கு குடுக்குமோ எண்டு வாசிச்சுப் பார்.

களுவாஞ்சி_பொடியன்:
நன்றி அண்ணே, அக்கா. டென்ட் வேணாம், சப்பாத்து வாங்கி இண்டைல இருந்து கடற்கரையில போட்டு நடக்கப்போறன். இப்பதான் அண்ணனுக்கு கோல் எடுத்துக் கேட்டன், ஹுட்டே புக் பண்ணினதா எண்டு. புக் பண்ணணுமா எண்டு என்னட்டக் கேக்கிறார்.