சுண்டெலி பிழைத்தால் தடுப்பூசி தேறிவிட்டதா?

கரையான்: நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான புரதத் தடுப்பூசிக்குச் சுண்டெலியை நம்பிக் காசைக் கொட்டுவது வீண் என்பது என் கட்சி. அந்தக் கிருமியின் புரதங்களான நச்சு நீக்கிய நியூமோலைசின், பி.ஹெச்.டி.டி. இரண்டும் எலியைக் காப்பாற்றின. ரீசஸ் குரங்கிலும் நிமோனியாவைத் தடுத்தன. அதே இரண்டையும் 10 வகை நியூமோகாக்கஸுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசியோடு சேர்த்துக் காம்பியா கைக்குழந்தைகளுக்குப் போட்டார்கள். மூக்கில் கிருமி குடியிருப்பது கூடுதலாகக் குறையவே இல்லை. முடிவு 2017-இல் வெளியானது.

ஊசிமுனை: மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் சார். காம்பியாவில் பார்த்தது மூக்கு. எலியில் பெரும்பாலும் பார்த்தது பிழைத்ததா செத்ததா என்று. டி39, டிகர்4 என்னும் நியூமோகாக்கஸ் ரகங்கள் நுரையீரலில் இறங்கிய ஓரிரு நாளில் ரத்தத்துக்குப் போய்விடும். அங்கே எலியைக் கொல்வது பெரும்பாலும் ரத்தத்தில் பரவும் தொற்றுதான். ரத்தத்தில் போதிய எதிர்ப்பொருள் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். நுரையீரலைச் சோதிக்க, ரத்தத்தில் அவ்வளவாகப் பரவாத 19எஃப் வகை இ.எஃப்.3030 ரகத்தை எடுத்திருக்க வேண்டும். இன்னொன்று: குரங்குக்குக் கொடுத்த அட்ஜுவன்ட் (தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டும் சேர்மானம்) ஏ.எஸ்.02, குழந்தைகளுக்கு அலுமினியம் பாஸ்பேட்.

தாழம்பூ: இரண்டு பேரும் கிருமித் திரவத்தை அளந்து மூக்கில் விடும் பைப்பெட்டை மறந்துவிட்டீர்கள். விழித்திருக்கும் எலிக்கு 10 மைக்ரோலிட்டர் விட்டால் மூக்கோடு நிற்கும். நுரையீரலுக்குப் போக மயக்கம் கொடுத்து, நிமிர்த்திப் பிடித்து, மூச்சிழுக்கும்போது துளித்துளியாக 50 மைக்ரோலிட்டர் விட வேண்டும். மயக்கம் மேலோட்டமாக இருந்தால் தும்மும், விழுங்கும். பாதி வயிற்றுக்குப் போகும். அப்புறம் அந்த எலியின் நுரையீரல் சுத்தமாக இருப்பதைப் பார்த்து 'பாதுகாப்பு' என்பார்கள்! உபரியாக இரண்டு மூன்று எலிகளை ஒரு மணி நேரத்துக்குள் கொன்று நுரையீரலில் எவ்வளவு இறங்கியது என்று எண்ணினால்தான் தெரியும். கிருமியை இரவு முழுக்க வளரவிட்டால் தன் லைட்-ஏ நொதியாலேயே கரைந்துபோகும். வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் எடுத்து, கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைக்கணும். எலிக்கு விட்ட பிறகு மிச்சத்தை 5% ஆட்டு ரத்தம் கலந்த அகார் என்னும் வளர்ப்புக் கூழில் பரப்பி, 30 முதல் 300 காலனி (கிருமித் திட்டு) உள்ள தட்டை எண்ணணும். உறைய வைத்த அன்றைய எண்ணிக்கையை அப்படியே எழுதுவது கணக்கல்ல, ஆசை.

கரையான்: சரி, மூக்கை விடுங்கள். அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளிடம் இதே புரதங்களை வைத்து நடுக்காது அழற்சியைப் பார்த்தார்களே? 13 வகை ஊசியைவிடக் கூடுதல் பயன் தெரியவில்லை. பைப்பெட்டைச் சரிசெய்தாலும் எலி எலிதான். கூண்டெலியின் மூக்கு நியூமோகாக்கஸைப் பார்த்ததே இல்லை. காம்பியாக் குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே அது வந்து குடியேறிவிடுகிறது.

ஊசிமுனை: அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. முதலில் 10 மைக்ரோலிட்டரில் மூக்கில் குடியேற்றிவிட்டு, அப்புறம் ஊசி போட்டு, வேறொரு ரகத்தை நுரையீரலில் விடலாம். செலவு கூடும், எலி கூடும், எலிக்கு எலி வித்தியாசமும் கூடும். சாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை: எடை 20% குறைந்தாலோ உடம்பு சில்லிட்டாலோ முடித்துக்கொள்ளலாம்.

கரையான்: வழி இருக்கிறது என்பதல்ல, குழந்தைக்கு ஊசி போடும் முன் அதைச் செய்தார்களா என்பதுதான் என் கேள்வி.

தாழம்பூ: செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். நுரையீரலை அரைக்கும் முன் இதயத்தின் வலக்கீழறை வழியாக உப்புக்கரைசல் செலுத்தி ரத்தத்தைக் கழுவாவிட்டால், ரத்தத்தில் இருக்கும் கிருமியும் நுரையீரல் கணக்கில் ஏறிவிடும். கழுவினார்களா என்று எழுதாத வரைபடத்தை ஊசிமுனையும் காட்டக்கூடாது, நீங்களும் காட்டக்கூடாது.